கேஸ் மீட்டரும் மனச்சான்றும்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் எனக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. பாலஸ்ட் டேங்க் (கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) மாதிரி அடைபட்ட இடங்களுக்குள் ஆட்கள் இறங்கும் முன் காற்றைச் சோதித்து, பெர்மிட் என்னும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களில் நானும் ஒருவன். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தீப்பற்றும் வாயுவுக்கும் நச்சு வாயுவுக்கும் தனித்தனி அளவு உண்டு. காலி டேங்கில் என்ன ஆபத்து என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும்போதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றம் இருக்காது, நிறம் இருக்காது. இறங்குகிறவன் ஏணியிலேயே சுருண்டு விழுவான்.

மனச்சான்று பற்றித் திருச்சபை சொல்வது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊரில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது, தப்பு செய்தால் உள்ளே குத்தும் ஒன்று என்ற அளவில்தான் மனதில் பதிந்தது. பட்டறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, “எனக்கு ஒண்ணும் தப்பாப் படலைண்ணே” என்பது. நல்ல மனிதர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இடைக்கால இறையியலாளரான புனித தோமா அக்குவினாஸ் மனச்சான்றை அறிவின் செயல் என்கிறார். தெரிந்த நெறியைக் கண்முன் உள்ள காரியத்தில் பொருத்தி, இது செய்யலாம், இது கூடாது என்று தீர்ப்பது. நன்மையைச் செய், தீமையை விலக்கு என்பது யாருக்குத்தான் தெரியாது? மதியம் ஒன்றரை மணிக்கு இந்த டேங்கில் ஆளை இறக்கலாமா என்பதற்கு அது மட்டும் போதாது. மீட்டரை வைத்துச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். திரும்ப இறங்கும் முன் மறுபடி சோதிப்பது எங்கள் வழக்கம். ஃபோர்மேன் சிவகங்கைக்காரர், என்னைவிட மூத்தவர், தங்கமான மனிதர். “தம்பி, காலையிலதான பாத்தீங்க? ப்ளோவரும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. நேரத்தை மட்டும் மாத்தி எழுதிருங்க, வெல்டருங்க சும்மா நிக்கிறாங்க” என்றார். கப்பல் மறுநாள் கிளம்ப வேண்டியது. “இல்லண்ணே, பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டுக் குழாயை இறக்கி, மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்த்தேன். மூன்றிலும் ஆக்சிஜன் 20.9 சதவீதம். வெளிக்காற்று எப்படியோ அப்படி. “நான்தான் சொன்னேன்ல?” என்று சிரித்தார். ஆனால் அன்று டீ குடிக்க என்னோடு வரவில்லை.

அவர் நினைத்தபடியே காற்று சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பார்க்காமல் எழுதியிருந்தால் அதே 20.9 பொய்யாகியிருக்கும். நல்லது விளையட்டும் என்று தீமையைச் செய்யக் கூடாது என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் விதியாக வைக்கிறது. கப்பல் நேரத்துக்குக் கிளம்புவதும் நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்?

பயிற்சி வகுப்புகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றிச் சொல்வார்கள். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். 100 பிபிஎம் அளவை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டால் மோப்ப நரம்பே மரத்துப்போகும். ‘நாற்றம் போயிருச்சு’ என்று ஆள் நிம்மதியாக உள்ளே நடப்பான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 16-ஆவது பத்தி, மனச்சான்றை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடம் என்று உயர்த்திப் பேசும். அதே பத்தியின் கடைசியில், பாவப் பழக்கத்தால் அது சிறிது சிறிதாகக் குருடாகிவிடலாம் என்றும் எச்சரிக்கும். முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இரண்டாம் பாதிதான் பயம் தருகிறது.

சரி, அறிவும் மீட்டரும் போதும் என்றால் விசுவாசம் எதற்கு? மீட்டர் காற்றைப் பற்றிச் சொல்லும். உள்ளே இறங்குகிறவன் எனக்கு யார் என்று சொல்லாது. விவிலியத்தில் இணைச்சட்டம் 22:8-இல், புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்று இருக்கிறது. பாதுகாப்புப் பிரிவுக்காரன் எவனும் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவான். விழப்போகிறவன் யார் என்று அந்த வசனம் கேட்கவே இல்லை.

சனிக்கிழமைகளில் முடிந்தால் தாம்சன் ரோட்டு நொவீனா கோவிலுக்குப் போவேன். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த கோவில். அது புனித அல்போன்ஸ் லிகோரியின் பெயரில் உள்ள ஆலயம் என்பது பலருக்கு நினைவிருக்காது. நேப்பிள்ஸில் வக்கீலாக இருந்தவர். 1723-இல் ஒரு பெரிய வழக்கில், ஆவணம் ஒன்றின் பொருளைச் சரியாகக் கவனிக்காமல் தோற்றார் என்பார்கள். அதோடு தொழிலை விட்டுக் குருவானார். எதையும் பாவம் என்று நெருக்குகிறவர்களுக்கும், எதற்கும் சாக்கு கண்டுபிடிக்கிறவர்களுக்கும் நடுவே வழி தேடி அறநெறி இறையியல் எழுதினார். 1950-இல் ஒப்புரவு கேட்கும் குருக்களுக்கும் அறநெறி இறையியலாருக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். எங்கள் துறையிலும் இந்த இரண்டு கட்சியும் உண்டு. தன் தலை தப்பினால் போதும் என்று எதற்கெடுத்தாலும் வேலையை நிறுத்துகிறவரை நான் மனச்சான்று உள்ளவர் என்று சொல்ல மாட்டேன். அது வெறும் பயம்.

தவறான மனச்சான்றும் மனிதனைக் கட்டுப்படுத்தும், அதற்கு எதிராக நடப்பது பாவம் என்கிறார் தோமா. ஆனால் அந்த அறியாமை தன் அலட்சியத்தால் வந்ததென்றால் அதைச் சொல்லித் தப்ப முடியாது என்றும் சேர்க்கிறார். செக்லிஸ்ட்டை ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டு, “எல்லாரும் செய்யுறதுதான்” என்று நிம்மதியாகத் தூங்குகிறவரை இந்த இரண்டாவது பாதி பிடித்துக்கொள்ளும். போன மாதம் ஊரிலிருந்து வந்த பையனுக்கு ஆங்கிலம் வராது. பெர்மிட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், இறங்கச் சொன்னதும் இறங்குகிறான். அவன்மேல் என்ன குற்றம்? படிக்கத் தெரிந்த எங்கள்மேல்தான் அந்தக் கணக்கு வந்து நிற்கிறது.

அதனால் வேலை தொடங்கும் முன் காலையில் நடக்கும் டூல்பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டத்தில் பெர்மிட்டின் முக்கிய வரிகளைத் தமிழில் நானும் வங்காளத்தில் இன்னொருவரும் வாசித்துச் சொல்கிறோம். கூடுதலாக ஏழெட்டு நிமிடம் பிடிக்கிறது. ஆடிட்டில் இதற்கு மதிப்பெண் உண்டா என்று மேலாளர் கேட்டார். இல்லை என்றேன். ஃபோர்மேன் அண்ணன் இன்னும் முணுமுணுக்கிறார், ஆனால் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து முன்வரிசையில் நிற்கிறார்.