போலோவின் மூக்குக்கு ஒரு சல்லடை

தை மாதக் கடைசியில் என் காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி வைக்கோல் கூளம். அதோடு கருக்காய், புகையான் பூச்சி, அந்துப்பூச்சி இறக்கைகள். ஃபில்டர் மாற்றி 4,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. வீடு வலங்கைமான் பக்கம், வேலை மன்னார்குடியில். சம்பா அறுவடைக் காலம் முழுக்க நீடாமங்கலம் சாலையில் தினம் போய் வருகிறேன். வயலில் அறுவடை மெஷின் பதரைத் தூற்றிக்கொண்டிருக்கும், சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும், முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று கூளத்தை உதிர்த்துக்கொண்டே போகும். இருட்டினால் ஹெட்லைட்டுக்குப் பூச்சி மொய்க்கும்.

கார் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1,197 சிசி டர்போ இன்ஜின், 105 பிஎஸ். பழைய வண்டியாக வாங்கினாலும் ஆசைப்பட்டு வாங்கியது. இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றை இழுத்துத் தரும் கோல்டு ஏர் இன்டேக் கிட் போடலாம் என்று சில மாதம் யோசித்திருந்தேன். அந்தக் கிட்டுகள் பலவற்றில் கூம்பு ஃபில்டர் பம்பருக்குள் தாழ்வாக உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சாலையில் தண்ணீர் நிற்கும். அதை இன்ஜின் உறிஞ்சிவிட்டால் பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கம்பெனி கொடுத்த மூக்கு, அதாவது இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய், கிரில்லுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிறது, குளிர்ந்த காற்றும் அங்கேயே கிடைக்கிறது. எனவே அதை அப்படியே விட்டு, வாயில் ஒரு வலை மட்டும் போட முடிவு செய்தேன். வைக்கோலின் பொடிச் சுணையும் மண் தூசியும் எப்படியும் வலையைத் தாண்டும், அவற்றைப் பிடிப்பது ஃபில்டர் காகிதத்தின் வேலை. காகிதத்தின் மேல் கூளம் மெத்தை போலப் படியாமல் தடுத்தால் போதும்.

முதலில் வீட்டு ஜன்னலுக்கு அடித்த கொசுவலையில் மிச்சம் இருந்த துண்டை வைத்தேன். மூன்றே நாளில் கம்பளி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கார் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் ஓபிடி ரீடரில் பூஸ்ட் அளவு, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், பழையபடியே இருந்தது. அது எப்படி என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. அப்புறம்தான் பிடிபட்டது: வாய் அடைத்தால் கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவிட்டுத் தனக்கு வேண்டிய அழுத்தத்தை எட்டிவிடுகிறது. டர்போவுக்குப் பின்னால் அளந்தால் அடைப்பு தெரியாது. முன்னால் அளக்க வேண்டும்.

அதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்ரான்ஸ்பரன்ட் டியூப் கைகொடுத்தது. ஸ்கிராப் கடையில் இதே மாடலின் மூக்குக் குழாய் ஒன்று கிடைத்தது. அதில் சிறு துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, டியூபின் ஒரு முனையைச் செருகினேன். மறுமுனை காருக்குள். நடுவில் யூ வடிவில் மடித்து, பள்ளிக்கூட ஸ்கேலோடு கட்டி, நீலம் கலந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றினேன். காலியான சாலையில் அதிகாலையில் இரண்டாம் கியரில் 5,000 ஆர்பிஎம் வரை மிதித்தேன். சித்தப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் படம் பிடித்தான். தண்ணீரின் இரு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்கு படும் திணறல். வலையே இல்லாமல் 60 மி.மீ. அடைத்த கொசுவலையோடு 140.

டர்போவைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் 5,000 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜின் விநாடிக்கு 50 லிட்டர் காற்று கேட்கும். என் மூக்கின் வாய் 16 செ.மீ.க்கு 4 செ.மீ., அதாவது 64 சதுர செ.மீ. இந்தச் சின்ன வாயில் கம்பி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் எல்லாம்.

கும்பகோணத்தில் ரைஸ் மில் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். "அரிசிக்கா, குருணைக்கா?" என்றார் கடைக்காரர். "வைக்கோல் கூளத்துக்கு அண்ணே, காருக்கு" என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. 3 மி.மீ. கண், அரை மி.மீ. கம்பி, 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சல்லடையில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்தார். வேளாங்கண்ணிப் பக்கம் அடிக்கடி போவதால் உப்புக் காற்றுக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை தாங்காது, அதனால் இதையே கேட்டு வாங்கினேன். 3-ஐ 3.5-ஆல் வகுத்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கினால் திறந்த பரப்பு 73% வருகிறது. தட்டையாக வைத்துப் பார்த்தேன், 66 மி.மீ. நல்ல அளவுதான். அறுவடை வயல்கள் வழியாக ஒரு மாலை ஓட்டிவிட்டு அளந்தால் 110.

திரும்பவும் அந்தக் கடைக்கே போனேன். அவர் சொன்னது: "மட்டமா வெச்சா அடைச்சுக்கும் தம்பி. மில்லுல சல்லடைய ஆட்டிக்கிட்டே இருக்கறதாலதான் அடையாம ஓடுது." காரில் சல்லடையை ஆட்ட முடியாது. ஆனால் பரப்பைக் கூட்டலாம் என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது. மூக்குக்கும் கிரில்லுக்கும் நடுவில் 3 செ.மீ. இடம் இருக்கிறது.

சல்லடையை 2.5 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியாக மடித்தேன். முன்பக்கமும் நான்கு ஓரங்களும் சேர்ந்து 164 சதுர செ.மீ., அதில் திறந்த இடம் மட்டும் 120. வாயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! மரக்கட்டை ஒன்றை வாயின் அளவுக்குச் செதுக்கி, அதன் மேல் சல்லடையைப் போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டினால் மூலை நன்றாக அமைகிறது. முதல் பெட்டியைக் கட்டை இல்லாமல் கையால் மடித்ததில் மூலை பிரிந்துபோனது. வெட்டிய ஓரத்தில் கம்பி உதிரும், அதை உள்ளே மடித்து, மேலே கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங் செருகினேன். மூக்கின் உதட்டில் பீடிங் இறுக்கமாகக் கவ்விக்கொள்கிறது, கூடவே இரண்டு கேபிள் டை. ஸ்க்ரூ எதுவும் வைக்கவில்லை, கழன்றால் காற்றுப் பாதைக்குள்தான் விழும்.

பெட்டி வலையோடு 62 மி.மீ. அதே சாலையில் அதே மாதிரி ஒரு மாலை ஓட்டிய பிறகு 72. கூளம் முன்முகத்தில் ஒட்டுகிறது, ஓரங்கள் திறந்தே இருக்கின்றன. இன்ஜினை நிறுத்தியதும் பாதி தானாக உதிர்ந்துவிடுகிறது, மீதியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். மாசி முடிய மூன்று நாளுக்கு ஒரு முறை இதைச் செய்தேன். இன்டேக் வெப்பநிலையில் வலையால் ஒரு மாற்றமும் இல்லை.

பங்குனியில் பெட்டியைத் திறந்தபோது காகிதத்தில் தூசி மட்டும் இருந்தது, மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அடுத்தது கீழே ரேடியேட்டர். அதற்கு 6 மி.மீ. கண் சல்லடை வாங்கி வைத்திருக்கிறேன், பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கும். குறுவை அறுவடைக்குள் மாட்டிவிடுவேன்.