ரூபிடியத்தை ஜிபிஎஸ்ஸோடு கட்டிப்போட்ட கதை

பழைய டெலிகாம் கருவி ஒன்றிலிருந்து கழற்றிய ரூபிடியம் ஆஸிலேட்டர், அதாவது ரூபிடியம் அணுவை வைத்துச் சீரான அதிர்வெண் கொடுக்கும் சாமான், கையில் இருந்தது. மின்சாரம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் லாக் ஆகி (அணுவின் அதிர்வெண்ணோடு பூட்டிக்கொண்டு) 10 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கும். ரூபிடியம்-87 அணுவின் 6.834 கிகாஹெர்ட்ஸ் சொச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற சாமான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்ளே இருக்கும் விளக்கும் வாயுக் குப்பியும் வயதாக ஆக அதிர்வெண் மெல்ல விலகும். ஜிபிஎஸ் ரிசீவரின் விநாடிக்கு ஒரு பல்ஸோடு ஒப்பிட்டதில் ஒரே நாளில் 26 மைக்ரோவிநாடி நகர்ந்திருந்தது, அதாவது 10 மெகாஹெர்ட்ஸில் 3 மில்லிஹெர்ட்ஸ் பிழை. அற்பம்தான், ஆனால் கண்ணில் பட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதல் தப்பு அவசரம். முன்பு குவார்ட்ஸ் ஆஸிலேட்டருக்கு எழுதிய லூப்பை (ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பிழையைத் தானே திருத்தும் கோட்), பத்து நிமிட நேர மாறிலியோடு (எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்ற அளவு), அப்படியே தூக்கிப் போட்டேன். லாக் என்னவோ ஆனது, ஆனால் வெளியே வந்த 10 மெகாஹெர்ட்ஸ் முன்பைவிட மோசம். யோசித்தால் காரணம் வெளிப்படை: ஜிபிஎஸ் பல்ஸ் ஒவ்வொன்றும் பத்து இருபது நானோவிநாடி அங்கும் இங்கும் ஆடும், ஒரு விநாடி அளவில் ரூபிடியம் அதைவிட ஆயிரம் மடங்கு நிதானம். நிதானமாக நிற்பவனை ஆடுகிறவனின் பின்னால் ஓட வைத்திருக்கிறேன். நாள் கணக்கில் பார்க்கும்போதுதான் ஜிபிஎஸ் ஜெயிக்கும், ஆகவே மாறிலியை ஆறு மணி நேரத்துக்கு ஏற்றினேன். அப்படியே தொடங்கினால் நிலைக்கு வர நாட்கள் பிடிக்கும் என்பதால் முதலில் வேகமாகப் பிடித்து, அப்புறம் படிப்படியாக மெதுவாக்குகிற மாதிரி மாற்றினேன்.

அடுத்தது பல் இழுத்த கதை. ரிசீவர் தன் உள் கடிகாரத்தின் விளிம்பில்தான் பல்ஸை வெளியிட முடியும், அதனால் வரும் ரம்பப்பல் பிழை எத்தனை நானோவிநாடி என்று அதுவே சீரியல் கேபிள் வழியாகச் சொல்லிவிடும், நாம் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். கழித்தேன். சிதறல் குறையாமல் கூடியது! பிளஸ், மைனஸ் மாற்றிப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், ஆன்டெனாவைக்கூட இடம் மாற்றினேன். இரண்டு ராத்திரி போனபிறகு கையேட்டில் ஒற்றை வரி கண்ணில் பட்டது: அந்தச் செய்தி *அடுத்து* வரப்போகும் பல்ஸுக்கானது. நான் போன பல்ஸில் கழித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி கோட் மாற்றியதும் கிராஃப் சட்டென்று மெலிந்தது, அதைப் பார்த்த சந்தோஷம் தனி.

ரூபிடியத்தின் அதிர்வெண்ணைத் திருத்தும் மின்னழுத்தத்துக்கு 12 பிட் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப்) வைத்ததும் கஞ்சத்தனம். சரிசெய்யும் எல்லை 100 கோடியில் 3 பங்கு என்றால் ஒரு படி நாளுக்கு 60 நானோவிநாடிக்கு மேல் தள்ளும், லூப் இரண்டு படிகளுக்கு நடுவே தத்தளித்துக்கொண்டே இருந்தது. 16 பிட்டில் அது 4 நானோவிநாடி ஆனது, தொல்லை தீர்ந்தது.

அதன்பிறகும் கிராஃபில் தினமும் ஒரு அலை. ஜிபிஎஸ் சிக்னலைத் தாமதப்படுத்தும் மேல் வளிமண்டல அடுக்கான அயனிமண்டலம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தேகத்துக்கு ரூபிடியத்தின் அடித்தட்டில் ஒரு வெப்ப சென்சார் ஒட்டிப் பார்த்தால் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தடித்த அலுமினியத் தட்டில் திருகி, தட்டின் சூடு மாறாதபடி ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தினேன், அலையில் பெரும்பகுதி போய்விட்டது.

இப்போது ஜிபிஎஸ்ஸுக்கும் ரூபிடியத்துக்கும் உள்ள கட்ட வேறுபாடு (நேர இடைவெளி) 15 நானோவிநாடிக்குள் நிற்கிறது. போன வாரம் வேண்டுமென்றே ஆன்டெனாவைப் பிடுங்கி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், 200 நானோவிநாடி தள்ளியிருந்தது, அவ்வளவுதான். மிச்சமிருக்கும் சின்ன அலைக்கு நிஜமாகவே அயனிமண்டலம் காரணமாக இருக்கலாம், அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு நீக்கும் இரட்டை அதிர்வெண் ரிசீவர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.