மனநலப் பிரிவில் எங்கள் குடும்பத்திடம் கேட்கப்பட்டவை

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிவந்த என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் மீண்டும் தீவிரமானபோது, அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் அவரைச் சேர்த்தோம். மருத்துவர் பார்த்து மருந்து எழுதிய பின், மனநல சமூகப் பணியாளர் ஒருவர் அம்மாவையும் அண்ணியையும் என்னையும் தனி அறையில் அமர வைத்துப் பேசத் தொடங்கினார். நோயைப் பற்றிச் சொல்ல ஆயத்தமாகச் சென்றிருந்த எங்களிடம் அவர் முதலில் கேட்டது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், கடன் உண்டா, வீடு சொந்தமா வாடகையா என்பவற்றைத்தான்.

பிறகு ஆண்களுக்குக் கட்டமும் பெண்களுக்கு வட்டமுமாக, தாத்தா பாட்டி தொடங்கி மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைந்தார். யாருக்காவது மனநோய், குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி இருந்ததா என்று கேட்டபோது அம்மா என் முகத்தைப் பார்த்தார். நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் கூறுவதை அந்தப் பணியாளர் பொறுமையாக விளக்கிய பிறகே, சித்தப்பாவின் மரணத்தைப் பற்றி அம்மா வாய் திறந்தார்.

மனநோய் தீர வேண்டிப் பலர் தங்கும் குணசீலம் கோயிலில் அண்ணனோடு ஒரு மண்டலம் தங்கியதைச் சொன்னோம். அதை அவர் குறை கூறவில்லை; அங்கே மருந்து தொடர்ந்ததா, வேறு எங்காவது அண்ணனைக் கட்டி வைத்ததுண்டா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்டதை நினைத்தால், அந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டே ஆக வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

நோய் வருவதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்குத்தான் அம்மா நெடுநேரம் பேசினார். மாரியம்மன் திருவிழாவில் ஜமாப் மேளம் அடிப்பது, பெரியவர்களிடம் பணிவாக இருப்பது, தங்கை கேட்டதை மறுக்காமல் வாங்கி வருவது என்று அவர் சொல்லச் சொல்ல, பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பேசப்படாமலே போயிருந்த ஒரு மனிதர் அந்தக் கோப்பில் இடம்பெற்றார்.

மறுநாள் அண்ணனிடம் தனியே பேசினார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்பதற்கு நாங்கள் பிடிவாதம் என்று காரணம் சொல்லியிருந்தோம். அவர் சொன்னதோ வேறு. இரவு ஷிப்டில் மாத்திரை போட்டால் கண் சொக்குகிறது. இழை அறுந்தது தெரியாமல் போனால் துணி பழுதாகிறது. மீட்டர் கணக்கில் வரும் கூலி குறைகிறது. அப்பாவின் மருத்துவச் செலவுக்காகத் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராதவரை வேலையை விடவும் வழியில்லை. இதைக் கேட்டறியாமல் இருந்திருந்தால் சிகிச்சை மருந்தின் அளவைக் கூட்டுவதோடு நின்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணனின் சம்மதத்தைப் பெற்ற பிறகே முதலாளியிடம் பேசினார்கள். பகல் ஷிப்ட் கிடைத்தது. மருத்துவரும் மாத்திரையை உறங்கப் போகும் நேரத்துக்கு மாற்றினார். அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, சிகிச்சை முடிவுகளில் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியை அண்ணனே தேர்ந்தெடுக்கலாம் என்று விளக்கியதும், அவர் அண்ணியின் பெயரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். தன்னைப் பற்றிய முடிவில் தானே கையெழுத்திடுவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

பின்னர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோதும் இதே விவரங்கள் கைகொடுத்தன. அங்கே தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறார்கள். நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே இத்தகைய பேச்சுக்குச் செல்பவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளோடு, நோயாளியுடன் அன்றாடம் இருப்பவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் வீட்டில் அண்ணன் மாத்திரையைத் தவறவிடும் நாள்களை அறிந்திருந்தவர் அண்ணி ஒருவர்தான்.