கப்பலிலிருந்து இறங்கிக்கொண்ட மருமகன்

மிகுபுனைவு நாவல்களைப் படிக்கத் தொடங்கிய காலத்தில், அவற்றின் கற்பனை வளம் முழுவதும் டிராகன்களிலும் மந்திரவாதிகளிலும்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். இடைக்கால இங்கிலாந்தின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்த பிறகு, டிராகனை எடுத்துவிட்டாலும் கதை ஏறத்தாழ அப்படியே நிற்கும் என்பது புரிந்தது. கோட்டைகளும் கவசங்களும் வெறும் அலங்காரம். அந்த வரலாறு எழுத்தாளர்களுக்கு அள்ளித் தந்திருப்பது, செய்த சத்தியம் மீறப்படும் தருணங்களை.

1120 நவம்பர் 25 இரவு, நார்மண்டியின் பார்ஃபிளர் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'வெள்ளைக் கப்பல்' பாறையில் மோதி மூழ்கியது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் முறைப்படி பிறந்த ஒரே மகனான வில்லியம், கப்பலில் இருந்த ஏறத்தாழ 300 பேருடன் மாண்டான். ரூவான் நகரத்துக் கசாப்புக்காரர் ஒருவர் மட்டுமே பிழைத்தார் என்று எழுதும் அக்கால வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ், மன்னனின் சகோதரி மகன் ஸ்டீபன் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டு முன்பே இறங்கிக்கொண்டதையும் சொல்கிறார். ஒரு பேரரசின் தலையெழுத்தை வயிற்றுக் கோளாறு மாற்றியதாக எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால், நானே நம்பியிருக்க மாட்டேன்.

வாரிசை இழந்த ஹென்றி, 1127இல் தன் மகள் மட்டில்டாவை ஏற்பதாகப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களுள் ஸ்டீபனும் ஒருவன். 1135 டிசம்பர் 1 அன்று மன்னர் இறந்தார்; 22ஆம் தேதி ஸ்டீபன் முடிசூடிக்கொண்டான். அதன்பின் நடந்த நெடும் போரில் 1141இல் ஸ்டீபன் சிறைப்பட்டும் மட்டில்டாவால் முடிசூட முடியவில்லை. லண்டன் மக்கள் அவளை விரட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில், முற்றுகையிடப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையிலிருந்து, பனியோடு பனியாக வெள்ளாடை போர்த்தி உறைந்த ஆற்றைக் கடந்து தப்பினாள். மிகுபுனைவு எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய, டார்கேரியன் என்ற கற்பனை அரச குடும்பத்தின் உட்போரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவருடைய புகழ்பெற்ற திருமண விருந்துப் படுகொலைக்கும் ஸ்காட்லாந்தில் முன்மாதிரி உண்டு. 1440இல் எடின்பரோ கோட்டையில், பத்து வயது மன்னனின் விருந்துக்கு வந்த இளம் டக்ளஸ் பிரபுவும் அவனுடைய தம்பியும் தலை வெட்டப்பட்டனர். சாவின் அடையாளமாகக் கருங்காளையின் தலை மேசைக்கு வந்தது என்பது பிற்காலத்தவர் சேர்த்த கதை. மிகுபுனைவு அப்போதே பிறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனினும், கூட்டாளி வார்விக் பிரபு தனக்காகப் பிரெஞ்சு அரச குடும்பத்தில் பெண் பேசிக்கொண்டிருந்த 1464இல், மன்னர் நான்காம் எட்வர்டு எலிசபெத் உட்வில்லை இரகசியமாக மணந்துகொண்டதை மட்டும் நினைவூட்டலாம். காதலுக்காகக் கூட்டாளியைப் பகைத்துக்கொள்ளும் இளம் மன்னர்கள் அதன்பின் எத்தனையோ நாவல்களில் வந்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்நாவல்களில் பலவும் அரியணையைச் சுற்றியே நின்றுவிடுகின்றன. ஸ்டீபனின் காலத்தைப் பற்றிப் பீட்டர்பரோ மடத்துத் துறவி எழுதிய குறிப்பிலோ, பிரபுக்களின் கோட்டைகளைக் கட்டுவதற்கு வாட்டி வதைக்கப்பட்ட எளியவர்கள் வருகிறார்கள்; உழுத நிலம் தானியம் தரவில்லை; கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று மக்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.