மூன்று நிமிட மணல் கடிகாரம்

நேற்று ராத்திரி துணி மடித்துக்கொண்டே அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1947இல் நடந்த ஆறாவது ஆட்டத்தை மறுபடி கேட்டேன். பழைய வானொலிப் பதிவு. யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ அடித்த பந்து உயரப் பறக்கிறது. எதிரணியான டாட்ஜர்ஸின் ஜியான்ஃபிரிடோ அதைப் பிடிக்கப் பின்னால் ஓடுகிறார். வர்ணனையாளர் ரெட் பார்பர் "பேக், பேக், பேக்" (பின்னால், பின்னால்) என்று சொல்லிக்கொண்டே போய், பந்து பிடிபட்டதும் "ஓ, டாக்டர்!" என்கிறார். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது.

பார்பர் 1908இல் மிசிசிப்பியில் பிறந்து ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். 1934இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு வர்ணனை சொல்ல உட்கார்ந்தாரே, அவர் வாழ்க்கையில் பார்த்த முதல் மேஜர் லீக் ஆட்டமே, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலை ஆட்டமே, அதுதான்! 1939இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு வந்தார்.

அவர் பக்கத்தில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்று இருக்கும். முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்க வைப்பார்களே, அது. மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். அப்போதுதான் வேலை முடிந்து வந்து ரேடியோவைத் திருகும் ஒருவர், ஆட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது. முகம் தெரியாத அந்த ஒருவரை நினைத்துப் பேசியதால்தான் எனக்கு இவரை இவ்வளவு பிடிக்கிறது.

1945இல் டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, அப்போது கறுப்பினத்தவரைச் சேர்க்காத மேஜர் லீக்கில் கறுப்பின வீரர் ஒருவரை அணிக்குக் கொண்டுவரப்போவதாக அவரிடம் ரகசியமாகச் சொன்னார். பார்பர் நிறப் பிரிவினையிலேயே வளர்ந்தவர் அல்லவா, வேலையை விடப்போவதாக வீட்டில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் யோசித்து மனம் மாறினார். 1947இல் அந்த வீரர், ஜாக்கி ராபின்சன், களமிறங்கியபோது, மற்ற வீரர்களைப் போலவே அவரையும் வர்ணித்தார். அந்தத் தடுமாற்றத்தையும் பின்னாளில் மறைக்காமல் அவரே சொன்னார். அது பெரிய விஷயம்.

1954 முதல் நியூயார்க் யாங்கீஸுக்கு வர்ணனை சொன்னார். 1966 செப்டம்பர் 22 அன்று அந்த அணி கடைசி இடத்தில் கிடந்தது. அவ்வளவு பெரிய மைதானத்தில் வெறும் 413 பேர். காலி இருக்கைகளைக் காட்டும்படி தொலைக்காட்சிக் கேமராக்காரர்களைக் கேட்டார், காட்டவில்லை. சரி என்று வாயாலேயே சொல்லிவிட்டார், இன்றைய செய்தி ஆட்டமல்ல, இந்தக் கூட்டம்தான் என்று. சில நாட்களில் வேலை போய்விட்டது. முப்பத்து மூன்று பருவங்கள் அப்படி முடிந்தன. எனக்கு இன்றும் ஆறவில்லை.

1981இலிருந்து, 1992இல் இறக்கும் வருஷம் வரைக்கும், வெள்ளிக்கிழமைக் காலைகளில் அமெரிக்கப் பொது வானொலியில் தொகுப்பாளர் பாப் எட்வர்ட்ஸுடன் சில நிமிடங்கள் பேசினார். பேஸ்பால் கொஞ்சம் வரும். அதைவிட, ஃப்ளோரிடாவின் தல்லஹாசியில் தன் வீட்டுத் தோட்டத்துக் கமேலியாப் பூக்கள் எப்படியிருக்கின்றன என்று சொல்வார், பந்து பறந்ததைச் சொன்ன அதே நிதானத்தோடு.