பேதியின்போது பெருங்குடல் பாக்டீரியா என்ன செய்கிறது?

பேதி ஆரம்பித்தால் ‘கிருமி போயிருக்கு, கொல்லணும்’ என்றுதான் முதலில் தோன்றுகிறது. மெடிக்கலில் கேட்டால் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கிடைத்துவிடுகிறது. ஆனால் உடம்பிலிருந்து வெளியேறும் நீரைத் திரும்ப உள்ளே இழுக்க உதவும் பாக்டீரியாக்களும் அதே குடலில்தான் இருக்கின்றன. மாத்திரை அவற்றையும் சேர்த்தே அழிக்கிறது.

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குத் தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் வருகிறது. மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். மீதியை உறிஞ்சுவது பெருங்குடல். நெருக்கடியில் 4, 5 லிட்டர் வரைகூட அதனால் உறிஞ்ச முடியும். செரிக்காமல் வந்து சேரும் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவை குடல் சுவருக்குள் நுழையும்போது சோடியமும் உள்ளே போகிறது, சோடியத்தின் பின்னால் நீர் போகிறது. பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான்.

காலரா நச்சு சோடியம் உறிஞ்சப்படும் வழக்கமான பாதையை அடைத்துவிடும். அப்போதும் இரண்டு பாதைகள் திறந்திருக்கும். சிறுகுடலில் குளுக்கோஸ் சோடியத்தைக் கூட்டிக்கொண்டு போகும் பாதை ஒன்று. உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் கரைசல் வேலை செய்வது அதை வைத்துத்தான். பெருங்குடலில் இந்த அமிலங்களின் பாதை மற்றொன்று. இந்த இரண்டாவதையும் பயன்படுத்தினால் என்ன என்று வேலூர் சிஎம்சியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் சோதித்தார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வில் காலரா நோயாளிகள் 48 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஓஆர்எஸ், ஒரு பிரிவுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு கலந்தது, மூன்றாவது பிரிவுக்கு அதே அளவு செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து கலந்தது. வழக்கமான ஓஆர்எஸ் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக ஏறக்குறைய 91 மணி நேரம் ஆனது. செரிக்காத மாவுச்சத்து சேர்த்தவர்களுக்குச் சுமார் 57 மணி நேரம். அரிசி மாவின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். இந்தச் சோள மாவுச்சத்து பாக்டீரியாக்களிடம் போய்ச் சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் ஓஆர்எஸ்ஸில் கடைச் சோளமாவைக் கலக்காதீர்கள். அது வேறு ரகம். கரைசலின் கணக்கும் கெட்டுவிடும். அந்தக் கணக்கு மிகத் துல்லியமானது: ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. எடையில் இல்லை, மூலக்கூறு எண்ணிக்கையில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும்.

வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது. அடர்த்தி கூடினால் குடல் நீரை உறிஞ்சாது, உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். குழந்தையின் ரத்தத்தில் சோடியமும் ஏறிவிடும். பாக்கெட்டில் பாதியைக் கலக்கிவிட்டு மீதியை மடித்து வைப்பதும் வேண்டாம், பொடியில் உப்பும் குளுக்கோஸும் சமமாகப் பிரியாது. ஒரு டம்ளர் போதுமென்றால் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டே விற்கிறது. கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து எடுத்து முழு பாக்கெட்டையும் கலக்குங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட்டே கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேலே 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். டெட்ரா பாக்கெட் ஜூஸும் குளிர்பானமும் இதற்கு ஈடாகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு, பேதி கூடத்தான் செய்யும்.

சிறு குழந்தைகளின் பேதிக்குப் பெரும்பாலும் ரோட்டா போன்ற வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. உதவும் பாக்டீரியாக்களைத்தான் அழிக்கிறது. அதனால் பெருங்குடலில் நொதித்தல் குறைய, உறிஞ்சலும் குறைகிறது. மாத்திரையே புதிதாகப் பேதியைக் கிளப்பிவிடுவதும் உண்டு. ரத்தம் கலந்து போனாலோ காலரா என்றாலோ ஆன்டிபயாட்டிக் வேண்டியதுதான், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். குழந்தைக்குச் சாதாரண பேதியில் தேவைப்படும் மருந்து துத்தநாகம்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி. பேதி நின்றாலும் 14 நாள் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

பட்டினி போடுவது இந்த பாக்டீரியாக்களையும் பட்டினி போடுவதுதான். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் அதில் இருக்கின்றன, அவை பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான தீனி. திட உணவு பழகிய குழந்தைக்கு வேகவைத்து மசித்த வாழைக்காய் நல்லது. டாக்காவில் இரண்டு வாரத்துக்கு மேல் பேதி நீடித்த 5 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு அரிசி உணவில் வாழைக்காய் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2001-இல் வந்தது. மூன்றாம் நாளில் 59 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். வெறும் அரிசி உணவு பெற்றவர்களில் 15 சதவீதம். சோறு ஆறும்போதும் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. ஆனாலும் பேதிக்காரருக்கு இரவெல்லாம் வெளியில் இருந்த சோறு வேண்டாம். அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளரக்கூடும், வாந்தி உண்டாக்கும் அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

கண் குழி விழுந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் மடிப்பு மெதுவாகப் படிந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியிலும் ஓஆர்எஸ்ஸைக் கொடுத்துக்கொண்டே இருங்கள், குழந்தை விழுங்கும் நிலையில் இருக்கும்வரை.