ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு புள்ளி

பார்வையற்றோருக்குப் பேசும் புத்தகங்களை இரவல் தரும் பிரிவு ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கேசட்டுகள் ஒழிந்து டெய்சி புத்தகங்கள் வந்துவிட்ட காலம். அத்தியாயமும் பக்கமும் குறிக்கப்பட்ட ஒலிநூல் அது. 127ஆம் பக்கம் வேண்டுமென்றால் எண்ணை அழுத்தி நேராக அங்கே போய்விடலாம். அதற்கென்று கையடக்கக் கருவிகள் உண்டு. எங்களிடம் இருந்தவை தேய்ந்துபோகவே, புதியவற்றில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

கண் உள்ளவன் எழுதுகிற மாதிரிதான் எழுதினேன். மெலிதாக இருக்க வேண்டும், தொடுதிரை வேண்டும், நினைவகம் கூடுதலாக வேண்டும். ஒரு சனிக்கிழமை வாசகர்கள் சிலரை அழைத்துப் படித்துக் காட்டினேன். தொடுதிரை என்றதும் சிரிப்பு எழுந்தது.

"வழவழப்பான கண்ணாடியில் ஐந்தை எங்கே போய்த் தேடுவது, தம்பி?" என்றார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "ஐந்தின் மேல் ஒரு புள்ளி புடைத்திருந்தால் போதும். மற்ற ஒன்பதும் தாமாகவே விரலுக்கு வந்துவிடும்."

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் இதை முழுதாக ஒப்பவில்லை. கைப்பேசியின் தொடுதிரையை அவர் வேகமாகவே பயன்படுத்துவார். ஆனால் கூட்டமான பஸ்ஸில் ஒரு கையில் கம்பி, மறு கையில் கருவி என்று நிற்கும்போது பொத்தான்தான் வேண்டும் என்றார்.

நினைவகப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு 29 எம்பி அளவுதான். 32 ஜிபி அட்டையில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும். அவர்களுடைய கவலை அட்டையின் உருவத்தைப் பற்றியது. பெரிய எஸ்டி அட்டையின் வெட்டுப்பட்ட மூலையைத் தடவினால் எந்தப் பக்கம் செருகுவது என்று தெரிந்துவிடும். நக அளவே உள்ள மைக்ரோ அட்டை கீழே விழுந்தால், தரையில் பொட்டைத் தேடுகிற கதைதான்.

அதிக நேரம் பேசியது சார்ஜ் செய்யும் துளையைப் பற்றி. என் குறிப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மைக்ரோ யூஎஸ்பி முனைக்கு மேல், கீழ் உண்டு. தடவிப் பார்த்துச் செருகி, நுழையாவிட்டால் அழுத்தி, கடைசியில் உள்ளே இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்துவிடும். பழுதாகி வந்த கருவிகளை மேசையில் பரப்பியபோதெல்லாம் அந்த நாக்கைப் பார்த்திருக்கிறேன். 'கவனமாகக் கையாளவும்' என்று அட்டையில் எழுதி ஒட்டியும் இருக்கிறேன். யார் படிக்க ஒட்டினேனோ! டைப்-சி முனையை எப்படிச் செருகினாலும் நுழையும். அது ஒன்றே போதும் என்று இருவர் சொன்னார்கள். வங்கித் தேர்வுப் பெண்ணுக்குப் போதவில்லை. "செருகியதும் ஒரு சத்தம் வர வேண்டும், சார். சிவப்பு விளக்கு எரிவது உங்களுக்குத் தெரியும். சார்ஜ் ஏறவில்லை என்பது எனக்குக் காலையில்தான் தெரிகிறது."

இன்னொருவர் அதைவிட நுட்பமான ஒன்றைச் சொன்னார். பொத்தானை அழுத்திய பிறகு கருவி விழித்துக்கொள்ள எடுக்கும் சில நொடி மௌனம். நமக்குத் திரையில் சக்கரம் சுழலும். அவர் கையில் இருப்பதோ செத்துப்போன பெட்டி. மீண்டும் அழுத்துவார், விழிக்கப்போனது அணைந்துவிடும். நடுவில் ஒரு 'டிக்' ஒலி வந்தால் காத்திருப்பேன் என்றார்.

அன்று மாலையே குறிப்பைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். கொள்முதல் படிவத்தில் 'திரை அளவு' என்ற கட்டத்தை நிரப்பவில்லை என்று அது ஒருமுறை திரும்பி வந்தது. 'திரை தேவையில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

புதிய கருவிகள் வந்த பிறகும் தமிழாசிரியர் பழையதைத் திருப்பித் தரவில்லை. அதன் பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. ரிச்சி தெருவில் அலைந்து, அதே 3.7 வோல்ட்டில் சற்றுப் பருமனான ஒன்றைக் கடைக்காரரிடமே பொருத்தி வாங்கினேன். பின்மூடி மூடவில்லை, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கியவர் முதலில் ரப்பர் பேண்டைத் தடவினார், பிறகு ஐந்தைத் தேடினார்.